மூணாம்பெல்லும் முந்நூறு ஃபாலோயர்களும்

வாடிக்கையாளர்களுக்கு ஆப்சென்ட் போட்ட மார்க்கெட்டிங் மேனேஜர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கொடைக்கானலில், செண்பகனூர் வளைவுக்குச் சற்று மேலே, கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை. எங்களுக்கு அவர் மூணாம்பெல்.

அவர் வார்டனாக இருந்த பள்ளி விடுதியில் தங்கிப் படித்த துர்பாக்கியசாலிகளில் நானும் ஒருவன். ஒரு தண்டவாளத் துண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, இரும்புத் தடியால் அடிப்பார். முதல் பெல்லுக்கு எழ வேண்டும். இரண்டாம் பெல்லுக்குள் அந்த மலைத் தண்ணீரில் முகம் கழுவியிருக்க வேண்டும். மூன்றாம் பெல்லுக்கு வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்குக் கோதுமைக் கஞ்சி கிடையாது. கஞ்சி கிடையாது என்பது தண்டனையா சலுகையா என்பதில் எங்களுக்குள் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் அந்த மூன்றாவது 'டங்'கைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. இன்றைக்கும் பக்கத்தில் எங்காவது இரும்பு விழுந்தால் என் கை தானாகப் போய்ச் சட்டைப் பொத்தானைப் போடுகிறது.

பிறகு நான் சென்னைக்குப் போனேன். விளம்பரக் கம்பெனி ஒன்றில் ஆயுளில் பாதியைக் கழித்தேன். தலைமுடியைக் காப்பாற்றும் எண்ணெய்க்கு வாசகம் எழுதியே என் தலைமுடியை இழந்தேன். கடைசியில் கம்பெனி என்னைக் கௌரவமாக அனுப்பிவைத்தது. வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களில்தான் ஸ்டெல்லாவின் போன் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவனின் தங்கை. ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, கொடைக்கானலில் ஒரு பழைய கல்வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, விளம்பரத்துல நீங்க பெரிய ஆளுன்னு சொல்றாங்க. நம்ம பேஜை வந்து கொஞ்சம் பாருங்கண்ணே. ஊரெல்லாம் கூட்டம் நெரியுது. என் ரூமு மட்டும் காத்தாடுது."

"பேஜை இப்ப யாரு பாக்குறா?"

"பெரியப்பாதாண்ணே. ரிட்டயராகி வீட்டுல இருக்காரு. அவரா கேட்டு வாங்கிக்கிட்டாரு."

எந்தப் பெரியப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

விஷயம் அவசரமானது. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். வீட்டை மொத்தமாக எடுத்து ரிசார்ட் ஆக்கக் கோயம்புத்தூர் பார்ட்டி ஒன்று அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டெல்லாவிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "ஏம்மா, சீசன் முடியுறதுக்குள்ள ரூமை நெரப்பிக் காட்டு. நெறஞ்சா நீ இரு. இல்லேன்னா சாவியக் குடுத்துரு. இதுல கோவிச்சுக்க ஒண்ணுமில்ல. தக்காளியும் அப்படித்தான், வீடும் அப்படித்தான். சும்மா கெடந்தா அழுகிப்போகும்."

அந்த வீட்டிலேயே பின்கட்டு அறையில்தான் ஸ்டெல்லாவும் இருந்தாள். சாவியைக் கொடுத்தால் தொழிலும் போகும், கூரையும் போகும்.

வியூகம், உத்தி, இலக்கு வாடிக்கையாளர் என்று மடிக்கணினி நிறைய அடைத்துக்கொண்டு மலையேறினேன். கேட்டில் 'அற்புதம் இல்லம்' என்று ஸ்டெல்லாவின் அம்மா பெயர்; பேஜுக்கும் அதுவே. தாழ்வாரத்துக்குள் காலை வைத்தேன். மூலையில், சங்கிலியில், அந்தத் தண்டவாளத் துண்டு தொங்கியது. பள்ளிக்கூடம் மின்சார மணி வாங்கியபோது கழித்துப் போட்டதை அவர் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதற்குக் கீழே மூணாம்பெல் நின்றுகொண்டிருந்தார்; ஸ்டெல்லாவின் பெரியப்பா அவர்தான்.

"ஏலே, பஸ்ஸு வந்து எவ்வளவு நேரமாச்சு? எங்க சுத்திட்டு வர்றே?"

"டீ குடிச்சேன் சார்."

"யாரைக் கேட்டுக் குடிச்சே?"

ஐம்பது வயதைத் தாண்டியவன், இரண்டு கல்லூரிகளில் சிறப்புரை ஆற்றியவன், பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். மூளை கட்டச் சொல்லவில்லை. கை தானாகக் கட்டிக்கொண்டது.

அவர் பேஜ் நடத்திய அழகை அன்று சாயங்காலம் பார்த்தேன். முதலில், பக்கத்துக்குப் பூட்டு போட்டிருந்தார். உள்ளே வர விரும்புபவர் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தவருக்கு இன்டர்வியூ. பெயர்? சொந்த ஊர்? தற்போது வசிக்கும் தெரு? எதற்காக எங்களைப் பின்தொடர விரும்புகிறீர்? ஒருவன் 'சும்மா பாஸ்' என்று பதில் போட்டிருந்தான். 'சும்மா வருபவருக்கு இங்கே இடமில்லை. நான் பாஸ் இல்லை' என்று அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

இரண்டாவதாக, தினமும் காலை ஆறு மணிக்கு அந்தத் தண்டவாளத்தைப் படம் எடுத்துப் போடுவார். எல்லா நாளும் ஒரே தண்டவாளம், ஒரே கோணம். கீழே 'காலை வருகை' என்று இரண்டே வார்த்தை. அதற்கு முந்நூறு பேரும் வந்து வருகை சொல்ல வேண்டும். சொன்னார்கள் என்பதுதான் ஆச்சரியம். பாதிப் பேர் பழைய விடுதிப் பையன்கள். மீதிப் பேர் யார் யாரோ. பொள்ளாச்சியில் ஒரு தையல்காரர், சேலத்தில் ஒரு அஞ்சல் ஊழியர், திருச்சியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் மங்களம் அம்மா. அந்த அம்மாதான் தினமும் முதல் ஆள். 'வந்துட்டேன் சார். இன்னைக்கு வலது முட்டி மட்டும் வலி' என்று அறிக்கையோடு வருவார்.

மூன்றாவதாக, ஒரு நாள் வராதவருக்குப் போன் போகும். காய்ச்சல், கோயில் கொடை விழா, பிரசவம் என்றால் ஏற்றுக்கொள்வார். 'நெட்டு தீந்துபோச்சு சார்' ஏற்கப்படாது. காரணம் சொல்ல மறுப்பவர், விடுதியில் கஞ்சி இழந்ததுபோல, பக்கத்தை இழப்பார்.

"சார், பிசினஸ் பேஜைப் பூட்டி வெக்கக் கூடாது. தொறந்து விடணும்" என்றேன்.

"ஹாஸ்டல் கேட்டைத் தொறந்து வெச்சா எவன்லே உள்ள இருப்பான்?"

"சார், இது ஆளுங்க உள்ள வர்றதுக்காகத் தொறக்குறது."

"வர்றவன் எவன்னு தெரியாம எதுக்குத் தொறக்கணும்?"

வியூகத்தின் முதல் பக்கம் அங்கேயே முடிந்தது.

இந்த லட்சணத்தில், அவர் வீட்டுக்காரரையே பேஜிலிருந்து நீக்கிவிட்டார். மண்டிக்காரர் பாவம், விடுதி எப்படிப் போகிறது என்று வேவு பார்க்க வந்து சேர்ந்தவர். வருகை சொல்லவில்லை. ஏலம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அவருக்குப் போன் போயிருக்கிறது. "இன்று ஏன் வரவில்லை?" "யாருய்யா நீ? எனக்கு மண்டியில சோலி கெடக்கு, வையி." அவ்வளவுதான். மறுநாள் மண்டிக்காரர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். போனை அவள் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, என் வீட்டுல நானே ஆப்சென்டா? வர்ற சனிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர்க்காரங்களோட வர்றேன். ரூமு நெறஞ்சிருந்தாப் பேசுவோம். இல்லேன்னா அவங்க வந்து அளந்துட்டுப் போகட்டும்."

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மூணாம்பெல் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைச் சரிபார்த்தார்.

"காரணம் சொல்லலைம்மா அந்தாளு. நான் என்ன செய்ய?"

"அவரு வீட்டுக்காரரு பெரியப்பா!"

"மந்திரி மகனுக்கே நான் கஞ்சி குடுக்கல."

எனக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவரோடு மோதி ஜெயிக்கும் தைரியம் எனக்கு எட்டாம் வகுப்பிலேயே இல்லை என்பதால், தனியாக ஒரு புதுப் பக்கம் திறந்தேன். ஸ்டெல்லாவிடம் ரகசியமாகச் சொன்னேன்: "அந்த முந்நூறு பேர்ல ஒருத்தர்கூட இதுவரை ரூம் கேட்டதில்லை. எல்லாம் வேஸ்ட்டு. அது சாருக்கு விளையாட்டுச் சாமானா இருந்துட்டுப் போகட்டும்." அவளும் தலையாட்டினாள்.

ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். பனி வரும், காபிக் கோப்பையில் ஆவி வரும், ஜன்னலைத் திறந்தால் ஏரி வரும். ஏரி மட்டும் வேறு இடத்தில் எடுத்து ஒட்டியது. விளம்பர உலகில் இதைச் சின்னச் சுதந்திரம் என்போம். மறுநாள் காலை ரீலுக்குக் கீழே முதல் கருத்தாக இது இருந்தது: 'இந்தப் படத்தில் காணும் ஏரி இந்த ஜன்னலிலிருந்து தெரியாது. தெரிவது பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு. தவற்றுக்கு வருந்துகிறோம். செய்தவன் கண்டிக்கப்பட்டான்.' என் ரீலைவிட அதற்கு விருப்பக்குறிகள் அதிகம்.

இருந்தாலும் ஒரு மீன் சிக்கியது. மதுரைக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் ஊழியர்கள், சனி ஞாயிறு, மொத்த அறைகளும் வேண்டும். ஸ்டெல்லா அடுப்படியில் நின்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை. ராத்திரி நெருப்பு மூட்டி நேரங்கழித்துச் சாப்பிடுவார்களாம், பாடுவார்களாம். அவர்களின் மேனேஜர் சொன்னார்: "சனிக்கிழமை காலைல வத்தலக்குண்டுல டிபனுக்கு நிப்போம் சார். அங்கருந்து கூப்பிடுறேன். ஓகேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஏறிருவோம். இல்லேன்னா மேல இன்னொரு எடமும் சொல்லி வெச்சிருக்கு."

ஓகே சொல்ல வேண்டியது நானல்ல. எட்டு மணிக்குச் சாப்பாட்டு மணி, ஒன்பதுக்கு விளக்கணைப்பு என்று அந்த வீட்டில் சட்டம். ஸ்டெல்லா அவரிடம் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பெரியப்பா, ஒரே ஒரு ராத்திரி பெல் அடிக்காம இருங்க. நாளைக்கு ரூமு காலியா இருந்தா நான் பொட்டியக் கட்டணும்."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. யோசனை அவருக்கு வலித்திருக்க வேண்டும்.

"ஒரு ராத்திரி" என்றார் கடைசியில். "அதுக்கு மேல கேக்காதே."

எல்லாம் சரியாகிவிட்டது, காலையில் மதுரைக்காரரே கூப்பிடுவார், ஓகே சொன்னால் போதும் என்று நினைத்தேன். விடுதிக்கு இருந்தது ஒரே போன். புக்கிங், புதுப் பக்கம், பழைய பக்கம், எல்லாம் அதில்தான். அந்தக் கல்வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடமும் ஒன்றுதான், தண்டவாளத்துக்குக் கீழே. என் சொந்த போனுக்கு அங்கேயும் கிடைக்காது. மதுரைக்காரரின் எண்ணும் விடுதி போனுக்குள்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்குப் படம் போட்டார். வருகைகள் வந்தன. காபியோடு தாழ்வாரத்துக்கு வந்தபோது அவர் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மங்களம் அம்மா வரலை" என்றார்.

"தூங்கியிருப்பாங்க சார்."

"நேத்தும் வரலை. நேத்து வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருக்கும்னு விட்டுட்டேன்." அவர் குரலில் எனக்குப் பழக்கமில்லாத ஏதோ ஒன்று இருந்தது. "போன் அடிக்குது. எடுக்கலை."

மறுபடி அடித்தார். மறுபடியும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மதுரை வேன் இந்நேரம் வத்தலக்குண்டை நெருங்கியிருக்கும்.

"சார், அந்த போனை ஒரு நிமிஷம்…"

"உறையூர்ல சைக்கிள் கடை இஸ்மாயில் இருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினார். "இஸ்மாயிலா? காலைல வருகை சொன்னே, சரி. மங்களம் அம்மா இருக்கிற தெரு ஒனக்குக் கிட்டத்தானே? கடையச் சாத்திட்டுக் கெளம்பு. வெரசாப் போ. லைனை வைக்காதே, நான் கூடவே இருக்கேன்."

ஸ்பீக்கரில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹாரன், லாரி, ஒரு கோயில் மணி. நடுவில் 'டொய்ங், டொய்ங்' என்று இன்னொரு சத்தம். எட்டிப் பார்த்தேன். திரையின் மேலே மதுரை மேனேஜரின் அழைப்பு காத்துக்கொண்டிருந்தது.

"சார்! அவங்கதான்! ஒரு வார்த்தை, 'ஓகே'ன்னு ஒரு வார்த்தை!"

மூணாம்பெல் விரலை உதட்டில் வைத்தார். "சைலன்ஸ்."

சத்தம் போடவில்லை நான். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டேன். ஆனால் சமையலறையிலிருந்து ஸ்டெல்லா ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. நிலைமை அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்க பெரியப்பா. ஒரு நிமிஷம். என் பொழப்பு இது."

அவர் நகரவில்லை. அவள் போனைப் பிடித்தேவிட்டாள். அப்போது ஸ்பீக்கரில் ஸ்கூட்டர் நின்றது.

"சார், வாசல்ல நிக்கிறேன். கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு. ரெண்டு பால் பாக்கெட்டு அப்படியே கெடக்கு சார்."

'டொய்ங், டொய்ங்.'

ஸ்டெல்லாவின் விரல்கள் போனின் மேல் இருந்தன. ஒரு தட்டு தட்டினால் மதுரை, இஸ்மாயில் காத்திருப்பான். ஆனால் இந்த மலையில் ஒருமுறை விட்ட லைன் மறுபடி சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவள் விரலை எடுத்தாள். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், மாவு போன பிறகும்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றார் மூணாம்பெல். "சத்தமாக் கூப்பிடு."

"மங்களம்மா! அம்மா! … சார், பதில் இல்ல."

"பின்பக்கம் போ. அடுப்படி ஜன்னல் இருக்கும்."

காலடிச் சத்தம். ஏதோ தகரம் உருண்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எதிர்ச்சரிவில் எவனோ மரம் வெட்டும் ஓசை மட்டும் எங்கள் தாழ்வாரம்வரை வந்தது. 'டொய்ங்' நின்றுபோயிருந்தது. அது எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"சார்." இஸ்மாயிலின் குரல் கிசுகிசுத்தது. "கால் தெரியுது சார். தரையில கெடக்குறாங்க."

"அசையுதா?"

"தெரியலை சார்…"

"நல்லாப் பாருலே!"

"கைய ஆட்டுறாங்க! சார், கைய ஆட்டுறாங்க!"

"கதவ ஒடை" என்றார் மூணாம்பெல். "கேள்வி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அக்கம்பக்கத்தார் கூடும் சத்தமும், கடப்பாரை விழும் சத்தமும், ஆம்புலன்ஸுக்கு யாரோ கத்தும் சத்தமும் வந்தன. கடைசியில் "ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூப்பிடுறேன் சார்" என்று லைன் அறுந்தது.

அதற்குப் பின்தான் திரையில் ஒரு குறுஞ்செய்தி எழுந்தது. 'சார், லைன் கெடைக்கல. வேற எடத்துக்குப் போறோம். இன்னொரு தடவை பார்ப்போம்.' நான் திருப்பிக் கூப்பிட்டேன். வேன் மலையேறியிருந்தது. தொடர்பு எல்லைக்கு வெளியே.

மத்தியானம் மண்டிக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மப்ளர், பின்னால் கோயம்புத்தூர் இளைஞர்கள் இருவர். அறை அறையாகக் கதவைத் திறந்து பார்த்தார். விரித்த விரிப்பு கசங்காமல் எல்லா அறையும் காலி. தாழ்வாரத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா தட்டில் பிளம்ஸ் கொண்டுவந்து வைத்தாள். இளைஞர்கள் டேப்பை இழுத்தார்கள். ஒருவன் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்து, "இந்த இரும்பை எடுத்துட்டு இங்க ஒரு ஊஞ்சல் போட்டுரலாம்" என்றான்.

மூணாம்பெல்லுக்கு அது காதில் விழவில்லை. போனையே பார்த்தபடி தண்டவாளத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தது. கேட்டார். "சரி" என்றார். "சரி" என்றார் மறுபடி. வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். இந்த மனிதருக்கு உட்காரத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ஒற்றை விரலால், பழைய பக்கத்தில் எழுதினார்: 'மங்களம் அம்மா: வருகை. இடம், மருத்துவமனை. இடுப்பு எலும்பு முறிவு. பேசுகிறார். கதவை உடைத்த இஸ்மாயிலுக்குப் பாராட்டு. அந்தக் கதவைச் சரிசெய்ய அருகில் தச்சர் யாரும் உண்டா?'

பக்கம் பொங்கியது. தச்சர் கிடைத்தார். ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்தது. நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். பொள்ளாச்சித் தையல்காரர் எழுதியிருந்தார்: 'சார், உங்களை ஒரு தடவை நேர்ல பார்க்கணும். உங்க இல்லத்துல வெளியாளுங்களை உள்ள விடுவாங்களா?'

விடுவாங்களாவா?

போனை வாங்கிப் பழைய பக்கத்தைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தண்டவாளம், வருகை. தண்டவாளம், வருகை. அடிவரை போனேன். எங்கும் வாடகை என்ற சொல்லே இல்லை.

"சார், இது காசு குடுத்துத் தங்குற எடம்னு இவங்ககிட்ட எப்பவாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே."

"எதுக்கு வர்றேன்னு இன்டர்வியூல கேக்குறீங்களே சார்!"

"அதை அவங்கல்ல சொல்லணும்? நான் எப்படிலே சொல்றது?"

வேஸ்ட்டுக் கூட்டம் என்று அவர்களைத் தள்ளிவைத்த நிபுணனும் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூட அடிவரை பார்த்திருக்கவில்லை. நிபுணன் ஏரியை ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தான். அங்கேயே நின்று, என் விளம்பர வாழ்க்கையிலேயே மட்டமான வாசகத்தை எழுதினேன்: 'இது விருந்தினர் விடுதி. வாடகைக்கு அறைகள் உண்டு. சாப்பாடு உண்டு.' மூணாம்பெல் பார்த்துவிட்டு, "பெல் அடித்தால் எழ வேண்டும், அதையும் போடு" என்றார். போட்டேன்.

அப்புறம் வரிசையாக வந்தது.

'சார், நான் முதியோர் இல்லம்னு நெனச்சேன்!'

'ஏதோ சாமியார் மடம்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்.'

'சொல்லவே இல்லையே சார். அடுத்த வாரம் நாலு பேரு வரலாமா?'

போன் அடித்தது. ஸ்டெல்லா பேசினாள். வைத்ததும் மறுபடி அடித்தது. அவள் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஆவதற்குள் அவள் வாயிலிருந்து அந்த வீடு அதுவரை கேட்டிராத ஒரு வாக்கியம் வந்தது: "மன்னிச்சுக்கங்க, அந்த வாரம் ரூமு இல்லீங்க."

பிளம்ஸ் கடித்துக்கொண்டிருந்த மண்டிக்காரர் கடிப்பதை நிறுத்தினார்.

"தம்பி, டேப்பைச் சுருட்டுங்க."

"என்னங்கய்யா, நாம பேசுனோமே?"

"பேசுனோம். கிராக்கி வாசல்ல நிக்கிறப்பக் கடைய மாத்துற வழக்கம் எங்க மண்டியில இல்ல."

அவர்கள் கார் இறங்கிப் போனது. மண்டிக்காரர் மட்டும் போகவில்லை. பிளம்ஸ் கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தத் திருச்சி அம்மாவுக்குப் புள்ளைக யாரும் இல்லையா?"

"வெளிநாட்டுல இருக்காங்க" என்றாள் ஸ்டெல்லா.

"ம்." கனைத்துக்கொண்டார். மூணாம்பெல்லைப் பார்க்காமல் மூணாம்பெல்லிடம் சொன்னார்: "சாரு, என்னையத் திரும்ப உள்ள சேத்துக்குவீங்களா?"

மூணாம்பெல் எழுந்து நின்றார். மேல் பொத்தானைப் போட்டார்.

"பேரு?"

"என்ன சாரு, தெரியாதா?"

"பேரு?"

சொன்னார். ஊரைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.

"எதுக்குச் சேர விரும்புறீங்க?"

மண்டிக்காரர் மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். "வீட்டுக்காரி போனதுக்கப்புறம், காலைல நான் எந்திரிச்சேனான்னு கேக்க ஆளில்லீங்க."

ஸ்டெல்லா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் திடீரென்று கோழிக்கூண்டைப் பார்க்க வேண்டிய வேலை வந்தது.

"சேத்துக்கிட்டேன்" என்றார் மூணாம்பெல். "ஆறு மணி. மண்டிச் சோலியெல்லாம் அதுக்கப்புறம்."

குத்தகை புதுப்பிக்கப்பட்டது. என் புதுப் பக்கத்தை நானே மூடினேன். வியூகத்துக்கு என்ன தர வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டாள். ஒரு வாரம் தங்கிச் சாப்பிட்டதற்கு நான்தான் தர வேண்டியிருக்கும் என்று பேச்சை மாற்றினேன்.

மழைக்காலத்தில் மறுபடி போயிருந்தேன். அன்றைக்குத் திருச்சியிலிருந்து மங்களம் அம்மா, ஊன்றுகோலோடு, வத்தலக்குண்டு வழியாக வந்துகொண்டிருந்தார். வந்தது அவர் இஷ்டம், யாரும் கூப்பிடவில்லை. மூணாம்பெல் அந்த அம்மாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சாப்பிடக்கூட உட்காராமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

அந்த அம்மா வரும் பஸ் வரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ்கள் தாமதமாக வருவதாகப் பேசிக்கொண்டார்கள். சாரல் கனத்தது. கடைக்காரர்கள் தார்ப்பாயை இறக்கினார்கள். அவர் ஒதுங்க மறுத்தார். மூடுபனியிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தது, எதிலிருந்தும் ஊன்றுகோல் இறங்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவர் ஓரடி முன்னால் போய், ஓரடி பின்னால் வந்தார்.

"வந்திரும் சார்" என்றேன்.

"தெரியும்லே. வாய மூடிட்டு நில்லு."

ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய ஸ்வெட்டரின் முழங்கை நூல் பிரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக நிமிர்ந்தே நின்ற முதுகு, கொஞ்சமே கொஞ்சம், முன்னால் சாய்ந்திருந்தது.

இருவருக்கும் போதாத குடை அது. அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து, முழுசாக அவர் பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டேன்.